கேரளக் காய்ச்சல் செய்தியும் கம்பம் பள்ளத்தாக்கும்: ஃப்ளூ எப்படிப் பரவுகிறது, எப்போது ஆபத்து?

ஜூன் பிறந்து மலையில் மழை பிடித்ததும் இடுக்கியில் எச்1என்1, கோட்டயத்தில் எச்1என்1 என்று செய்திகள் வரத் தொடங்கும். அன்று மாலைக்குள் தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறலாமா? குமுளிக்குப் போய்வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா? கோழிக்கறி வாங்கலாமா? செக்போஸ்டில் லாரிக்கு மருந்தடிக்கிறார்களே, அது எதற்கு?

எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இவை ஒரே நோயைப் பற்றிய கேள்விகள் அல்ல. மூன்று நான்கு நோய்களைப் பற்றிய பயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கலந்து கிடப்பதால் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையும், பயப்பட வேண்டாத இடத்தில் பதற்றமும் வந்துவிடுகின்றன. தினமும் விடியற்காலையில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறி, பொழுது சாய வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை மனதில் வைத்து இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், எந்தக் காய்ச்சல்?

1. பருவகால ஃப்ளூ. இன்ஃப்ளூயன்ஸா வைரஸால் வருவது. எச்1என்1, எச்3என்2, பி வகை எல்லாம் இதில் அடக்கம். மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றும். ‘பன்றிக் காய்ச்சல்’ என்று 2009-ல் பெயர் வாங்கிய எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. பன்றிக்கறி சாப்பிடுவதால் இது வராது.

2. பறவைக் காய்ச்சல். இதுவும் இன்ஃப்ளூயன்ஸா குடும்பம்தான். எச்5என்1, எச்5என்8 போன்றவை. வாத்து, கோழிகளை மொத்தம் மொத்தமாகக் கொல்லும். கேரளத்தில் குட்டநாட்டு வாத்துப் பண்ணைகளில் 2014 முதல் பலமுறை வந்திருக்கிறது. 2024 ஏப்ரலிலும் ஆலப்புழை மாவட்டத்தில் வந்தது. மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. அப்படித் தொற்றினால் கடுமையாக இருக்கும். இந்தியாவில் எச்5என்1 தொற்றி இறந்த முதல் நபர் 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன். 2025-ல் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் ஒரு குழந்தை இறந்தது. மனிதருக்கு மனிதர் தொடர்ச்சியாகப் பரவும் திறன் இந்த வைரஸுக்கு இதுவரை வரவில்லை.

3. நிபா. இது ஃப்ளூவே அல்ல, வேறு வைரஸ். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வருவது. 2018-ல் கோழிக்கோட்டில் தலைகாட்டியது, அதன்பிறகும் சில முறை வந்தது. தொற்றியவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடிய நோய் என்பதால் ஒருவருக்கு வந்தாலும் எல்லை முழுவதும் உஷாராகிறது. ஆனால் ஃப்ளூ போல ஒரு பேருந்துப் பயணத்தில் பலருக்குப் பரவும் தன்மை இதற்குக் கிடையாது. நோயாளியை நெருங்கிப் பராமரிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது.

4. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளில் பன்றிகளைக் கொல்ல வைத்த நோய். மனிதருக்கு வரவே வராது.

செக்போஸ்டில் கோழி லாரிகளின் டயருக்குக் கிருமிநாசினி அடிப்பது இரண்டாவது நோய்க்காக. தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்கு அந்த வைரஸ் சக்கரத்தில் ஒட்டிய எச்சத்தோடு வந்துவிடக் கூடாது என்பதே காரணம். கோழிக்கறியையும் முட்டையையும் உள்வரை நன்றாக வேகவைத்தால் போதும், 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் செத்துவிடும். செத்துக் கிடக்கும் வாத்து, கோழி, காக்கையைக் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்குப் பறவைக் காய்ச்சல் பற்றித் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் வந்து உட்காரப்போவது முதல் நோய். மீதிக் கட்டுரை அதைப் பற்றியது.

எச் என்றால் என்ன, என் என்றால் என்ன?

இன்ஃப்ளூயன்ஸாவில் ஏ, பி, சி, டி என நான்கு வகை. மனிதரிடம் பருவந்தோறும் பரவுபவை ஏ, பி. அதில் ஏ வகையை அதன் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களை வைத்துப் பிரிக்கிறார்கள். ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நம் தொண்டை, மூச்சுக்குழாய் செல்களில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது, அது எச். நியூராமினிடேஸ் என்ற புரதம், செல்லுக்குள் பெருகிய புது வைரஸ்களை அறுத்து வெளியே விடுகிறது, அது என். எச்1என்1, எச்3என்2 என்பதெல்லாம் இந்தப் புரதங்களின் வகை எண்களே. எண் பெரிதானால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை.

இந்தப் புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் போன வருடம் ஃப்ளூ வந்தவருக்கு இந்த வருடமும் வருகிறது. எப்போதாவது, பறவை, பன்றி, மனித வைரஸ்களின் மரபணுக்கள் கலந்து முற்றிலும் புதிதாக ஒன்று உருவாகும். அதை எதிர்க்கும் சக்தி பெரும்பாலானோரிடம் இருக்காது. 1918-ல் உலகெங்கும் பரவியதும் மனிதருக்குப் புதிய வைரஸ்தான். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். 2009-லும் புதியது ஒன்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஜூன் மாதம் அதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது, 2010 ஆகஸ்டில் பெருந்தொற்றுக் கட்டம் முடிந்தது என்றது. முடிந்தது பெருந்தொற்றுதான், வைரஸ் அல்ல. அது எங்கும் போகவில்லை. ஆகவே ‘மீண்டும் வந்துவிட்டது பன்றிக் காய்ச்சல்’ என்று ஒவ்வோர் ஆண்டும் போடும் தலைப்பு படிப்பவர்களை வீணாக மிரட்டுகிறது.

எப்படித் தொற்றுகிறது?

மழையில் நனைந்ததால் ஃப்ளூ வராது. வைரஸ் உள்ளே போனால்தான் வரும். இருமும்போதும், தும்மும்போதும், சத்தமாகப் பேசும்போதும் வெளிவரும் நீர்த்திவலைகளில் வைரஸ் இருக்கிறது. பெரிய திவலைகள் ஆறடிக்குள் விழுந்துவிடும். மிக நுண்ணியவை காற்றோட்டமில்லாத இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கும். கம்பி, கைப்பிடி போன்ற கடினமான பரப்புகளில் ஒன்றிரண்டு நாள் வரை உயிரோடிருக்கும். அதைத் தொட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் அது இன்னொரு வழி. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை ஒன்று உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும் என்பதால் சாதாரணக் குளியல் சோப்பே போதுமானது.

வைரஸ் உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாவது நாளில், காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் பிறருக்குத் தொற்ற வைக்க முடியும். காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்கள்தான் உச்சம். ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும் தன்மை நீடிக்கலாம். குழந்தைகளிடம் இன்னும் சில நாள் கூடுதலாக.

இப்போது ஜூலை மாதத்துத் தோட்ட ஜீப் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அளவுக்கு மேல் ஆட்கள், தோளோடு தோள், மடியில் தூக்குவாளி. சாரல் அடிப்பதால் பக்கத்துப் படுதாவை இறக்கிக் கட்டியிருப்பார்கள், பின்பக்கமும் பாதி மூடியிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரப் பயணம், சாயங்காலம் மறுபடியும் அதே. உள்ளே ஒருவர் இருமிக்கொண்டிருந்தால், வண்டன்மேடு போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் அவர் விட்ட மூச்சைத்தான் இழுத்திருப்பார்கள். திறந்த தோட்டத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவே எட்ட எட்ட நின்று காய் பறிக்கும்போது இருக்கும் ஆபத்தைவிட இந்த ஜீப்புக்குள் இருக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம்.

என் பார்வையில் விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. எந்த மாநிலத்துக்குப் போனீர்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு மூடிய இடத்தில் நோயாளியோடு இருந்தீர்கள் என்பதே தொற்றைத் தீர்மானிக்கிறது. கம்பத்துக்குள்ளேயே ஒரு டியூஷன் அறையும், மூடிய கல்யாண மண்டபமும் அந்த ஜீப்புக்குச் சமமான இடங்கள்தான்.

செக்போஸ்டில் தடுத்துவிட முடியாதா?

நெற்றியில் கருவியைக் காட்டி வெப்பம் பார்ப்பதைக் கோவிட் காலத்தில் எல்லோரும் பார்த்தோம். காய்ச்சல் தொடங்கும் முன்பே தொற்றும் நோயை இந்த முறையால் பிடிக்க முடியாது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வருபவரும் தப்பிவிடுவார். நிபா போல ஒருசிலருக்கு மட்டும் வரும் நோயில், தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க எல்லைக் கண்காணிப்பு உதவும். ஃப்ளூ ஏற்கெனவே இரு பக்கமும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் இருப்பதாக நினைப்பதால் வரும் தீங்கு, தோட்டத்துக்குப் போய் வரும் பெண்களைத் தெருவில் ஒதுக்கி வைப்பது. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது, செய்யவே கூடாது.

செய்தியில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது?

கேரளத்தில் எண் அதிகமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அங்கே காய்ச்சல் கணக்கைத் தினமும் எடுத்து வெளியிடுகிறார்கள். தேடினால் கிடைக்கும், அதிகம் தேடினால் அதிகம் கிடைக்கும். இன்னொரு காரணம் பருவம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளத்தில் ஃப்ளூ ஏறும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் ஏறும். கம்பம் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பருவத்தையும் சந்திக்கிறார்கள்.

சாவு விகிதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. லேசான ஃப்ளூவுக்குப் பரிசோதனையே செய்வதில்லை. ஒரு கணக்குக்கு, ஆயிரம் பேருக்கு ஃப்ளூ வந்து, 970 பேர் வீட்டிலேயே தேறி, 30 பேர் மருத்துவமனையில் சேர்ந்து, அவர்களுக்கு மட்டும் பரிசோதனை நடந்து, ஒருவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். செய்தியில் ‘30 பேருக்கு பாதிப்பு, ஒருவர் பலி’ என்றுதான் வரும். படிக்கிறவர் முப்பதில் ஒருவர் என்று கணக்குப் போடுவார். உண்மையில் அது ஆயிரத்தில் ஒருவர்.

அதற்காக இதைச் சாதாரணச் சளி என்று தள்ளிவிடவும் முடியாது. உலக அளவில் பருவகால ஃப்ளூ ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் உயிர்கள் வரை எடுக்கிறது. 2015-ல் இந்தியாவில் எச்1என்1 மட்டும் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

ஏ, பி, சி: எந்தக் கட்டத்தில் என்ன செய்வது?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் எச்1என்1 நோயாளிகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இது நோயாளியின் நிலையைக் குறிப்பது, முன்பு சொன்ன வைரஸ் வகைகளை அல்ல. மருத்துவமனையில் ‘டெஸ்ட் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று பலர் கோபப்படுவது இது தெரியாததால்தான்.

1. ஏ வகை. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி, தலைவலி. பரிசோதனை தேவையில்லை, வைரஸ் மாத்திரையும் தேவையில்லை. வீட்டில் ஓய்வு, கஞ்சி, வெந்நீர், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். கூட்டத்தில் கலக்கக் கூடாது. ஓரிரு நாளில் நிலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பி வகை. ஏ வகை அறிகுறிகளோடு கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் இருப்பவர்கள் ஒரு பிரிவு. இன்னொரு பிரிவு, அறிகுறி லேசாக இருந்தாலும் உடல்நிலையால் ஆபத்தில் உள்ளவர்கள்: சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், ஈரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு மருத்துவர் ஓசெல்டாமிவிர் மாத்திரை தரலாம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

3. சி வகை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல், சளியில் இரத்தம், நகமும் உதடும் நீலம் பாய்தல். குழந்தையாக இருந்தால் பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, விலா எலும்பு உள்வாங்க மூச்சு விடுவது. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பரிசோதனை எடுப்பது இவர்களுக்குத்தான்.

வீட்டில் கோவிட் காலத்து பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் எடுத்து வையுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் தாமதம் வேண்டாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காய்ச்சல் விட்டு, நன்றாகிவிட்டது என்று எழுந்தவருக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் இருமலும் வந்தால், அது பாக்டீரியாவால் வரும் நிமோனியாவாக இருக்கலாம். ஃப்ளூவில் பல உயிர்கள் போவது இந்த இரண்டாவது சுற்றில்தான். ‘சரியாகிவிட்டதே’ என்று வேலைக்குப் போய்விடுவதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்துக்குப் பயந்து காய்ச்சலோடு வீட்டில் கிடப்பவர்கள் அதிகம். கர்ப்பகாலத்தில் ஃப்ளூ நுரையீரலைத் தாக்கும் ஆபத்து கூடுதல். ஓசெல்டாமிவிரை அவர்களுக்கும் தரலாம். முதல் நாளே மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

மாத்திரை, ஊசி, கசாயம்

ஓசெல்டாமிவிர், முன்பு சொன்ன ‘என்’ புரதத்தை முடக்குகிறது. புது வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேற முடியாமல் தடுக்கிறது. அதனால் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். நோய் கடுமையானவர்களுக்குப் பிறகும் தருவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரை அல்ல இது. பயத்துக்காக வீட்டில் வாங்கி அடுக்கி வைப்பதிலும் பயனில்லை.

அசித்ரோமைசின், அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே, மருத்துவர்களையும் சேர்த்து, இதை எச்சரித்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம் என்றும் அப்போது சொன்னது. இருமல் நிற்கவில்லையே என்று கடை கடையாக மாத்திரை மாற்றுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

‘ஒரு ஊசி போட்டால் நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்’ என்பது நம் பக்கம் வழக்கம். வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற ஊசி, காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை மோசமாக்கும். அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும், எலிக்காய்ச்சலும் வருகின்றன. மூக்கொழுகல், இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள் என்று இருந்தால் ஃப்ளூ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சேற்றில் நின்று வேலை பார்த்தீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. நிலவேம்புக் கசாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும். பி, சி வகை அறிகுறி வந்தபின் அதை நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து.

தடுப்பூசி

வைரஸ் மாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. ஊசி வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டில், மருத்துவரைத் தேடிப்போகும் அளவு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். வந்தாலும் கடுமை குறையும். செயலிழக்கச் செய்த வைரஸில் செய்தது என்பதால் ஊசியே ஃப்ளூ கொடுக்காது. பலன் வர இரண்டு வாரம் ஆகும். ஊரெல்லாம் காய்ச்சல் வந்தபிறகு ஓடுவதில் பாதிப் பயன் போய்விடும். மலைக்குப் போய்வரும் குடும்பங்களில் பி வகையில் சொன்னவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் போட்டுக்கொள்வது பொருத்தம். ஆறு மாதம் நிரம்பிய குழந்தை முதல் போடலாம். தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட வேண்டியிருப்பதால், வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டால் கர்ப்பிணிக்கும், சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கும் முதலில் போடுங்கள்.

‘வீட்டில் இருங்கள்’ என்பதற்குக் கூலி யார் கொடுப்பது?

எல்லா அறிவிப்பிலும் வரும் வரி, காய்ச்சல் இருந்தால் வீட்டில் ஓய்வெடுங்கள் என்பது. மருத்துவப்படி சரியான வரி. காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்கும் வரையாவது ஒதுங்கியிருக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அதன் பொருள் நான்கைந்து நாள் சம்பளம் போவது, சீசனில் ஜீப்பில் தன் இடம் வேறொருவருக்குப் போவது. அதனால்தான் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்குக் கூலியோடு மூன்று நாள் விடுப்புக் கொடுத்தால், அந்த ஜீப்பில் வரும் மற்ற ஆட்களும் அடுத்த வாரம் படுக்காமல் இருப்பார்கள். தோட்டத்துக்காரர்களுக்கு இது நஷ்டக் கணக்கு அல்ல.

உடனே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மழை விட்டதும் ஜீப்பின் இருபக்கப் படுதாவையும் சுருட்டிக் கட்டுவது. மழையிலும் பின்பக்கத்தைத் திறந்தே வைப்பது. இருமல் உள்ளவர் முகக்கவசத்தோடு பின்னால் காற்றுப்படும் ஓரத்தில் உட்காருவது. ஒரே சொம்பில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்காமல் இருப்பது. கங்காணி காலையில் ஆள் எண்ணும்போதே யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு, காய்ச்சல் என்று சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தாமல் இருப்பது.

தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி மூச்சு வாங்கினால், விடிந்ததும் கம்பத்துக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நெடுங்கண்டம், கட்டப்பனை, பீருமேடு தாலுகா மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே போங்கள். எந்த மாநிலத்துக்காரர் என்பது அவசரச் சிகிச்சைக்குத் தடை இல்லை. 108 இரண்டு பக்கமும் ஒரே எண்தான். மருத்துவரிடம் மூன்று விவரம் சொல்லுங்கள்: காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள், கூட வேலை பார்ப்பவர்களில் வேறு யாருக்குக் காய்ச்சல்.